வலது பக்கம் டல்லா இருக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கேட்டது கிரைண்டர். ஹாலின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் மாட்டி, நடுவில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, அதற்குத் தினமும் துணி போட்டுத் துடைக்க வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்த ஆசை என் வீட்டுக்காரர் கிருஷ்ணகுமாருடையது. சரக்கு வண்டி ஓட்டுகிற லோகோ பைலட் அவர். ராப்பகல் பார்க்காமல் இன்ஜின் இரைச்சலில் உட்கார்ந்துவிட்டு வருகிற மனுஷன் வீட்டிலாவது நிம்மதியாகக் கிடக்க வேண்டாமா? இவருக்கு வீட்டிலும் சத்தம் வேண்டுமாம்.

"கல்பகம், சும்மா டிவி சத்தம்னு நெனைக்காதே. ஹெலிகாப்டர் வந்தா தலைக்கு மேல சுத்தும். மழை பேஞ்சா பின்னால பேயும்" என்றார்.

"மழை பேஞ்சா நம்ம பால்கனியிலயே பேயுது. போய் நில்லுங்க" என்றேன்.

நான் அரக்கோணத்தில் பிறந்து, தெலுங்கு பேசுகிற மல்காஜ்கிரிக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவர் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசுகிற தமிழில் ஆமாமுக்கு 'ஹவ்', வேண்டாமுக்கு 'நக்கோ' என்று பாதி உருது. எங்கள் பெண் தாரிணி பத்தாவது படிக்கிறாள். நான் தமிழில் திட்டினால் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு இங்கிலீஷில் கோபித்துக்கொள்வாள். நாங்கள் மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை கோட்டி பஜாரில் இருக்கிற ஒரு கடைக்குப் போனோம்.

வாங்கப் போனது ரிசீவர். டிவிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, எந்தச் சத்தம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற பெட்டி அது. கடைக்காரர் எங்களை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒரு ரிசீவரைப் போட்டுக் காட்டினார். நிஜமாகவே ஹெலிகாப்டர் சுற்றியது. தாரிணி 'வாவ்' என்று எழுந்து நின்றுவிட்டாள். நானே ஒரு தடவை தலையைக் குனிந்துகொண்டேன், பொய் சொல்வானேன்.

இவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "வலது பக்கம் டல்லா இருக்கு."

கடைக்காரர் வேறு கம்பெனிப் பெட்டியைப் போட்டார். வலது பக்கம் டல். அதைவிடப் பெரியதைப் போட்டார். அதுவும் டல். எனக்குப் பசி காதை அடைத்தது. கடைசியில் கடைக்காரர் சலித்துப்போய், "சார், இந்த மாடல்ல ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியா ஏத்தலாம் இறக்கலாம். வீட்டுக்குப் போய் உங்க இஷ்டத்துக்கு வெச்சுக்குங்க" என்று இந்தியில் சொன்னார். இவர் முகம் மலர்ந்தது. ரிமோட்டை வாங்கி ஏதோ அழுத்தினார், மறுபடி அழுத்தினார். "ஹவ், இதான்! இதையே குடுங்க" என்றார். அத்தனை நேரம் படுத்திய மனுஷன் ஒரு நொடியில் முடிவு பண்ணியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பசியில் அதற்குமேல் யோசிக்கவில்லை.

மாட்டிக் கொடுக்க வெங்கட் என்கிற டெக்னீஷியன் வந்தார். ஸ்பீக்கர்களை மாட்டிவிட்டு, சோபாவின் இடது ஓரத்தில் இவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில் ஒரு ஸ்டாண்டை நிறுத்தி, இவர் காது உயரத்துக்குச் சின்ன மைக் ஒன்றை வைத்தார். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஷ்ஷ்' என்று ஒரு சத்தத்தை அனுப்புமாம். மைக் அதைக் கேட்டு, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வருகிற மாதிரி பெட்டியே சரிசெய்துகொள்ளுமாம். அதுவரை வீட்டில் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. ஃபேனை நிறுத்தினோம், ஜன்னலைச் சாத்தினோம். பாதியில் என் குக்கர் விசில் அடித்தது. மறுபடி முதலிலிருந்து. அப்புறம் தாரிணிக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக முடிந்தபோது எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது.

இவர் உட்கார்ந்து கேட்டார். "வலது பக்கம் டல்லா இருக்கு."

வெங்கட் வலது ஸ்பீக்கரை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றினார். அப்போதும் வலதுதான் டல். ஒயரை மாற்றினார். டல். எனக்கு வந்ததே கோபம்! கடைக்குப் போன் போட்டுக் கிழித்துத் தொங்கவிட்டேன். வேறு பெட்டி அனுப்பினார்கள். அதுவும் அதே கதை. "மேடம், மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று வெங்கட் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்.

"அப்ப என் வீட்டுக்காரு பொய் சொல்றாரா? ஓடற இன்ஜின்ல எந்த நட்டு லூசுன்னு சத்தத்த வெச்சே சொல்ற காதுய்யா அது! உன் மைக்குக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாதா?" என்று அவர் மேல் பாய்ந்தேன். தெலுங்கிலும் தமிழிலும் கலந்து பாய்ந்ததால் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. பாவம், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இவர் கதவைச் சாத்தினார். "உடு கல்பகம், நான் பாத்துக்கறேன்" என்று ரிமோட்டை எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரியே சரியாகிவிட்டது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. டெக்னீஷியனுக்கு வராததை என் வீட்டுக்காரர் செய்துவிட்டாரே.

அதற்கப்புறம்தான் வீட்டில் வேறு தொல்லை தொடங்கியது. சோபாவின் வலது ஓரத்தில் உட்காருகிற தாரிணி, "அம்மா, ஈ சைட் சால லவுட். தல நொப்பி" என்று தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் சத்தம் தாங்கவில்லையாம். நான் அவளைத்தான் திட்டினேன். ராத்திரி முழுக்கப் போனை நோண்டினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? அடுத்து, வலது பக்கச் சுவருக்கு அந்தாண்டை குடியிருக்கிற ஸ்டெல்லா டீச்சர் வந்து கதவைத் தட்டினார்.

"கல்பகம், உங்க வீட்டு ஹெலிகாப்டர் தெனம் எங்க பெட்ரூம்லதான் எறங்குது. கொஞ்சம் வேற எங்கயாவது எறக்கக் கூடாதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் சிவந்திருந்தது.

அவமானமாகிவிட்டது எனக்கு. இவர் டியூட்டிக்குப் போயிருந்தார். தாரிணியைக் கூப்பிட்டு, "அந்தப் பொட்டில இன்னா பண்ணி வெச்சிருக்காரு உங்கப்பா, பாரு" என்றேன். அவள் ரிமோட்டை அழுத்தி டிவியில் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தாள். இடது பக்க ஸ்பீக்கர்கள் வெங்கட் வைத்த அளவிலேயே இருந்தன. வலது பக்கம் இரண்டும் அதற்குமேல் ஏற்ற முடியாத அளவுக்கு ஏற்றிவைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கச் சொன்னேன். படம் போட்டுப் பார்த்தோம். தாரிணி உட்கார்ந்த இடத்திலும் நன்றாக இருந்தது, நான் உட்கார்ந்த இடத்திலும் நன்றாக இருந்தது.

அடுத்த நாள் இவர் குளித்துச் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். பாட்டு ஒன்று ஓடியது. கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினார். "யாரு இதைத் தொட்டது? வலது பக்கம் மறுபடி டல்லா இருக்கு."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். சத்தியமாக விளையாட்டாகத்தான். "சரி, கண்ண மூடுங்க. அந்த உஷ்ஷ் சத்தத்த அனுப்பறோம். எந்தப் பக்கத்துலேந்து வருதுன்னு கைய காட்டுங்க. உங்க காது பெரிசா வெங்கட்டோட மைக் பெரிசான்னு பாத்துரலாம்" என்றேன்.

சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். தாரிணி அழுத்தினாள். முன்பக்க இடது ஸ்பீக்கர். இடது கையை நீட்டினார். சரி. டிவிக்குக் கீழே இருக்கிற நடு ஸ்பீக்கர். கொஞ்சம் யோசித்து, இடது பக்கமே காட்டினார். தாரிணி 'கிளுக்' என்றாள். வலது ஸ்பீக்கர். இடது கை. பின்னால் வலது மூலை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார், அப்புறம் நம்பிக்கையாக இடது தோளுக்குப் பின்னால் கட்டைவிரலைக் காட்டினார்.

"டாடி, த்ரீ ராங்!" என்று தாரிணி கைதட்டிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. எழுந்து சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். நான் பின்னாலேயே போனேன்.

"வலது காது கேக்கறதில்லையா?"

"சளி கட்டிக்கினு இருக்கு."

"எத்தினி நாளா?"

"நக்கோ கல்பகம். இப்ப வேணாம்."

"எனக்கு இப்பதான் வேணும்!"

டம்ளரைக் கழுவினார், துடைத்தார், கவிழ்த்தார். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லை அவரை. அப்புறம் சொன்னார். தார்நாகாவில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டியிருக்கிறார். நரம்பு போய்விட்டதாம். மருந்துக்கும் வராதாம், ஆபரேஷனுக்கும் வராதாம். "அந்தப் பொட்டில ஒரு பட்டன் இருக்கு, வலது பக்கத்த ஏத்திக்கிறேன். என் தலையில பட்டன் இல்லையே. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். அவர் குரல் உடைந்தது.

ரயில்வே டாக்டரிடம் சொன்னால் இன்ஜினை விட்டு இறக்கிவிடுவார்கள். வேலை போகாது, ஏதாவது ஆபீஸில் நாற்காலி கொடுப்பார்கள். ஆனால் அவர் அப்பாவும் தாத்தாவும் லாலாகுடா ஒர்க்ஷாப்பில் இன்ஜின்களைப் பழுதுபார்த்தவர்கள், ஓட்டியவர்கள் இல்லை. அந்தக் குடும்பத்தில் இன்ஜினில் ஏறி உட்கார்ந்த முதல் ஆள் இவர். அதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் எனக்கு! "அடுத்த மெடிக்கல்ல நானே சொல்லிர்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காதே. சிக்னல கண்ணுலதானடீ பாக்கறோம், காதுலயா பாக்கறோம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சரி என்றேன். என்ன செய்வது, கட்டிக்கொண்டவரின் கண்ணில் தண்ணீரைப் பார்த்தால் மூளை வேலை செய்வதில்லை. வலது பக்கத்தை மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். ஸ்டெல்லா டீச்சரிடம் சமாதானம் சொன்னேன். தாரிணியை உள் அறையில் உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். அவர் டியூட்டிக்குக் கிளம்பினால், திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மத்தியானம் யோகேஷ் வந்தார். இவரோடு இன்ஜினில் போகிற அசிஸ்டென்ட். காட்பாடிக்காரர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெண்டாட்டி பானுவுக்குப் பிரசவ நேரமாம், அன்றைக்கே லீவில் ஊருக்குப் போகிறாராம், சொல்லிக்கொள்ள வந்திருந்தார். இவர் சந்தோஷமாக, "உக்காரு, சவுண்ட கேட்டுட்டுப் போ" என்று படம் போட்டார். யோகேஷ் சோபாவில் இவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தார்.

நான் காபி எடுத்துக்கொண்டு வந்தேன். யோகேஷ் இவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குமுன் கையை நீட்டி இவர் தோளில் ஒரு தட்டு தட்டினார். இவர் திரும்பி அவர் வாயைப் பார்த்தார். அப்புறம்தான் பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டு, திரும்பல், பேச்சு. இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

இவர் பாத்ரூமுக்குப் போனதும் யோகேஷ் முன்னால் போய் நின்றேன். "உனக்குத் தெரியும்."

யோகேஷ் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஜினில் டிரைவருக்கு இடது பக்கம் சீட்டு, அசிஸ்டென்டுக்கு வலது பக்கம். ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் அசிஸ்டென்ட் கையை நீட்டி நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது அவர்கள் தொழிலில் உள்ள விதி. வலது பக்கம் வளைகிற பாதையில் சிக்னல் முதலில் தெரிவதே அசிஸ்டென்டுக்குத்தான்.

"ஒரு வளைவுல, ரெட்டுனு கத்துனேன் அக்கா. அவரு பாட்டுக்கு வண்டிய இழுத்துக்கினே இருந்தாரு. தோள்ல ஓங்கி அடிச்சேன். அப்பதான் பிரேக் போட்டாரு. சிக்னலுக்கு முன்னாடியே நின்னுருச்சு, ஒண்ணும் ஆகல. அதுலேந்து தட்டிட்டுத்தான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லல. அவருதான் எனக்கு வேல கத்துக்குடுத்தாரு, எப்படி அக்கா சொல்றது?"

"நீ லீவுல போயிட்டா? வேற ஆளு வருவானே, அவனுக்குத் தட்டணும்னு தெரியுமா?"

யோகேஷ் எழுந்துவிட்டார். காபியைக் குடிக்காமலே கிளம்பிப் போனார்.

இவர் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கேட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "அவன் வர்ற வரைக்கும் லீவு போடுங்க. இல்ல, இப்பவே டாக்டர்கிட்ட போங்க. எதுவோ ஒண்ணு!"

"லீவு குடுக்க மாட்டாங்க. ஆளு இல்ல. ஒரு வாரந்தானே, நான் ஜாக்கிரதையா இருக்கேன்."

"எதிர்ல வர்ற வண்டில இருக்கறவனுக்கும் உங்கள மாதிரி ஒரு வீடு இருக்குய்யா! ஒரு பொண்டாட்டி ஒரு பொண்ணு இருக்கும்! ரெட்டுக்கு நிக்கலன்னா அவங்க கதி இன்னா?"

அவர் முகம் வெளுத்தது. சோபாவில் போய் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்து சத்தத்தை ஏற்றினார். படத்தில் ஏதோ சண்டை, துப்பாக்கி வெடித்தது, கண்ணாடி உடைந்தது. இன்னும் ஏற்றினார். என் பேச்சு கேட்கக் கூடாது, அவ்வளவுதான். சுவர் அதிர்ந்தது. அந்தப் பக்கம் ஸ்டெல்லா டீச்சர் தட்டுவதுகூட எனக்குக் கேட்டது.

அவருக்கு வலது பக்கத்தில், சோபா மேலேயே அவர் போன் இருந்தது. அது வெளிச்சம் போட்டுக்கொண்டு துடித்தது. டியூட்டி போடுகிற ஆபீஸ் நம்பர். அவர் திரும்பவே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் போன் அடிக்கிறது, மனுஷன் நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போனை எடுத்தேன்.

சாயங்கால வண்டிக்கு இவரை வரச் சொல்கிறார்கள். யோகேஷ் இல்லை, வேறு அசிஸ்டென்ட், புதிதாகச் சேர்ந்தவன். பேசிய கிளார்க் தெலுங்கில் பெயர்கூடச் சொன்னார், என் மண்டையில் ஏறவில்லை. "அம்மா, சார்க்கி இவ்வண்டி" என்று போனை இவரிடம் கொடுக்கச் சொன்னார்.

நான் கொடுக்கவில்லை. இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த தெலுங்கில், அந்தச் சண்டைச் சத்தத்துக்குமேல் கத்திச் சொன்னேன். "அவரு வரமாட்டாரு. அவருக்கு வலது காது கேக்காது. சுத்தமா கேக்காது. டாக்டர் பாத்துட்டாரு, இனிமே வராதாம். அவர வண்டி எடுக்க விடாதீங்க."

கிளார்க் கேட்டார். "அம்மா, இதை நான் எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க."

போனைக் கட் பண்ணினேன். இனி என்னை அடித்தாலும் சரி, வீட்டை விட்டுப் போ என்றாலும் சரி, கேட்டுக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சண்டைக்காட்சி முடிந்தது. ஏதோ நினைத்தவர் போல இவர் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பினார். என் கையில் தன் போனைப் பார்த்தார்.

"டியூட்டி வந்துச்சா?" என்றார். "எத்தினி மணிக்காம்? இன்னா சொன்னே அவங்ககிட்ட?"

அவர் முகத்தில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். நான் நின்றது அவருடைய வலது பக்கம். பக்கத்திலேயே நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒரு வார்த்தை அவர் காதில் விழவில்லை. ஆபீஸில் எழுதிக்கொண்டுவிட்டார்கள், அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது.

யாரோ ஒரு கிளார்க்கிடம் சொல்லும்போது இருந்த துணிச்சல் எங்கே போயிற்றோ. சோபாவைச் சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போனேன். தரையில் உட்கார்ந்தேன். அவர் நன்றாகக் கேட்க வேண்டும் என்று குனிந்து காதைக் கொடுத்தார். அந்தக் காதில் வாயை வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.